திங்கட்கிழமை விரதமும் நாலு அடையும்

இரும்புக் கல்லில் அடை மாவு விழும்போது முதலில் "சொய்ங்" என்று ஒரு சத்தம் கேட்கும். பிறகு அம்மா கரண்டிக் காம்பால் நடுவில் ஒரு குழி குழித்து அதில் எண்ணெய் விட்டதும் பெருங்காயமும் வற்றல் மிளகாயும் கலந்த ஒரு வாசனை கிளம்பி, பம்பாயில் எங்கள் மாட்டுங்கா கட்டிடத்தின் மூன்று மாடிப் படிகளையும் இறங்கி, வாசலில் சைக்கிளைச் சாத்திக்கொண்டிருக்கும் பால்கார பையாவின் மூக்கு வரைக்கும் போகும். எனக்கு அந்த வாசனைதான் திங்கட்கிழமை. இன்றைக்கும் யார் வீட்டிலாவது அடை வார்த்தால் நாளைக்குச் செவ்வாய் என்றுதான் என் புத்தி கணக்குப் போடுகிறது.

அறுபத்தைந்தாம் வருஷத்து மழை முடிந்த சமயம். எல்லையில் சண்டை ஓய்ந்திருந்தது, ரேஷன் கடையில் அரிசியும் ஓய்ந்திருந்தது. கிடைத்த அரிசியில் ஒரு மக்கல் வாசனை இருக்கும். அரிசிக்குப் பதிலாகத் தலையில் கட்டின "மைலோ" என்ற சிவப்புச் சோளத்தில் அம்மா ஒரு நாள் ரொட்டி தட்டிப் பார்த்தாள். அதை மென்று முடிப்பதற்குள் எனக்கும் அக்காவுக்கும் தாடை வலித்துவிட்டது. அப்போதுதான் வாரத்தில் ஒரு வேளை, திங்கட்கிழமை ராத்திரிச் சாப்பாட்டை விட்டுக்கொடுக்கும்படி பிரதமர் நாட்டு மக்களைக் கேட்டுக்கொண்டார். எங்கள் வீட்டு ரேடியோ சூடாகிப் பேச ஆரம்பிக்கவே இரண்டு நிமிஷம் எடுத்துக்கொள்ளும், ஆனால் அப்பாவுக்குச் சூடாக அவ்வளவு நேரம் தேவைப்படவில்லை. ஃபோர்ட்டில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்த அவர், செய்தி முடிந்ததும் பனியனோடு எழுந்து நின்று, "இனிமே திங்கக்கிழமை ராத்திரி இந்தாத்துல உலை வைக்கப்படாது, சொல்லிட்டேன்!" என்று, எதிர்த்துப் பேச யாருமே இல்லாத கூடத்தில் கர்ஜித்தார்.

அம்மா "சரி" என்றாள். அதற்கு மேல் அதில் யோசிக்க என்ன இருக்கிறது? அமாவாசை ராத்திரியா, ஏகாதசியா, கிருத்திகையா, எங்கள் வீடுகளில் அன்றைக்குச் சாதம் கிடையாது, "பலகாரம்"தான். உலை வைக்காமல் தோசையோ அடையோ உப்புமாவோ பண்ணிச் சாப்பிட்டுவிட்டு, "இன்னிக்கு ஒருபொழுது" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். தெய்வத்துக்கே அது போதும் என்கிறபோது தேசத்துக்குப் போதாதா? ஆக, முதல் திங்கட்கிழமை அடையும் அவியலும். அடுத்த திங்கட்கிழமை அடையும் வெல்லமும், அக்கா கெஞ்சிக் கேட்டதால் ஒரு துளி வெண்ணெயும். அப்பா மூன்றாவது அடைக்குத் தட்டை நீட்டும்போது, "நாட்டுக்காக இதுகூடச் செய்யலேன்னா எப்படி" என்று உண்மையாகவே நெகிழ்ந்து சொல்வார். சத்தியமாகச் சொல்கிறேன், அவர் குரலில் அன்றைக்கு ஒரு பொட்டுக் கள்ளம் இல்லை. எனக்கும் அக்காவுக்கும் தேசபக்தி ஏறிக்கொண்டே போயிற்று. ஏழு நாளில் ஒரு நாள்தானா என்று எங்களுக்குக் குறை.

இது இதோடு போயிருந்தால் நான் இதை எழுத வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்தில் எஸ்தர் டீச்சர், "நாட்டுக்கு நான் செய்வது" என்று கட்டுரை எழுதச் சொன்னார். அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், சிரித்தால் பல் தெரியாது, திட்டினால் சுவர் அதிரும். எனக்குப் பத்து வயது, எழுத வரும் என்ற திமிர் வேறு. "திங்கட்கிழமை இரவு எங்கள் வீட்டு அடுப்பில் உலை ஏறுவதில்லை" என்று ஆரம்பித்தேன். அதுவரை உண்மை. ஆனால் கை நிற்கவில்லை. "வயிறு காய்கிறது, ஆனால் நெஞ்சு நிறைகிறது" என்று அடுத்த வரியையும் போட்டுவிட்டேன். படிக்க நன்றாக இருந்தது, அவ்வளவுதான் காரணம். டீச்சர் அதை எங்கள் வகுப்பில் படித்தார், பக்கத்து வகுப்பில் படித்தார், அதற்கும் அடுத்த வகுப்பில் போய்ப் படித்தார். நான் ஒரு வாரம் தரையில் நடக்கவில்லை.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் செல்வி. தாராவியிலிருந்து நடந்து வருவாள். அவள் அப்பா ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தார். அவளுக்கு ரப்பர் வாங்கித் தரமாட்டார்கள், எனக்குக் கணக்கு வராது, ஆகவே நாங்கள் உயிர்த்தோழிகள். கட்டுரை படித்த அன்றைக்கு அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். சில வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பிரார்த்தனைக்கு வரிசையாக நின்றுகொண்டிருக்கும்போதே, அவள் கால் மடங்கிச் சரிந்து விழுந்தாள். முகத்தில் தண்ணீர் தெளித்து, யார் டப்பாவிலிருந்தோ இரண்டு வாய் ஊட்டி, மர பெஞ்சில் படுக்க வைத்தார்கள். "வெயில் தாங்கலை போல" என்று நான் எல்லோரிடமும் விளக்கம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அடுத்த திங்கட்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்கு எங்கள் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. எஸ்தர் டீச்சர்! அப்பா அவசரமாகத் துண்டை எடுத்துப் போர்த்திக்கொண்டு, "வாங்கோ டீச்சர், வாங்கோ. இன்னிக்கு உங்களுக்குச் சாதம் போட முடியாது, எங்காத்துல விரதம். பலகாரம் சாப்பிடணும்" என்றார்.

"சாப்பாட்டுக்கு வரல சார்" என்றார் டீச்சர். "ஒரு விவரம் கேக்கலாம்னு வந்தேன். ஒங்க பிள்ள கட்டுரைய வாசிச்சதுல இருந்து எங்க கிளாஸ்ல ஒரு பிள்ள திங்கக்கெழம ராத்திரி பட்டினி கெடக்கா. போன வாரம் மயங்கி விழுந்துட்டா. ஒங்க பிள்ளையும் அதே பட்டினிதான் கெடக்கா, செவ்வாக்கெழம பள்ளிக்கூடத்துல குதிர மாதிரி ஓடுறா. என்ன செய்யுதீங்கன்னு சொன்னா அந்தப் பிள்ளைக்கும் சொல்லிக் கொடுப்பேன்."

அவர் சொல்லி முடிக்கவும், அம்மா இரண்டு அடையும் வெல்லக்கட்டியும் வைத்த தட்டைக் கொண்டுவந்து நீட்டவும் சரியாக இருந்தது. டீச்சர் தட்டைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் சமையலறை மூலை மோரியில் கை கழுவுகிற சாக்கில் நழுவப் பார்த்தேன்.

"இதுக்கு அரிசி எவ்ளோ போடுவீங்க?" என்று டீச்சர் மெதுவாகக் கேட்டார்.

பக்குவம் கேட்கிறார் என்று அம்மாவுக்கு ஏக சந்தோஷம். "ரெண்டு ஆழாக்கு அரிசி, ஒண்ணரை ஆழாக்கு பருப்பு. களைஞ்சு மூணு மணி நேரம் ஊறவச்சு..."

"மத்த நாள் ராத்திரி சோறு பொங்கினா?"

"அதுக்கு ஒண்ணரை ஆழாக்குதான். அதுலயே மிஞ்சும்."

சொல்லி முடித்த பிறகுதான் அம்மாவுக்கே உறைத்தது. அப்பாவோ ஆபீஸில் நாள் முழுவதும் கூட்டிக் கழிக்கிற மனுஷன், வீட்டில் இந்தச் சின்னக் கணக்கை ஒருநாளும் போட்டுப் பார்த்ததில்லை. "ஏன்டி, இதை நீ முன்னாடியே சொல்லப்படாதா?" என்று அம்மாமேல் பாய்ந்தார். "சாதம் வேண்டாம்னேள். வயிறு வேண்டாம்னா சொன்னேள்?" என்றாள் அம்மா.  

டீச்சர் திட்டுவார் என்று பார்த்தேன். அவர் இரண்டு அடையையும் நிதானமாகச் சாப்பிட்டு, "ருசியா இருக்கு" என்று சொல்லி, எழுந்து போகும்போது என் தலையில் கையை வைத்து, "செல்விகிட்ட நீயே சொல்லிரு" என்றார். வெயில் என்று நான் சொல்லிக்கொண்டு திரிந்தது பொய் என்று, பேரைக் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. 

மறுநாள் சாயங்காலம் அப்பா ஆபீஸ் சட்டையைக் கூட மாற்றாமல் என்னைக் கூட்டிக்கொண்டு தாராவிக்கு நடந்தார்.  செல்வி வீட்டு வாசலில் அவள் அம்மா, "வாங்கய்யா, உள்ள வாங்க" என்று பதறிப்போய்ப் பாயை விரித்தார். அப்பா உட்காரவில்லை. கையைக் கூப்பிக்கொண்டு, "தப்பு எங்க பேர்ல. பட்டினின்னு இவ எழுதினது பட்டினியே இல்லை" என்று நடந்ததைச் சொன்னார். பிறகு குனிந்து செல்வியிடம், "நீ ஏம்மா இப்படிப் பண்ணினே? உன்னை யாரும் கட்டாயப்படுத்தலையே" என்று கேட்டார்.

செல்வி என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்: "நீ பட்டினி கெடக்கும்போது நான் மட்டும் எப்பிடிட்டி திங்க?"

நாடாவது, பிரதமராவது! அவள் எனக்காகப் பட்டினி கிடந்திருக்கிறாள்.  "நான் மூணு அடை சாப்பிட்டேன், செல்வி" என்றேன்.

 "நான் மயங்கி விழுந்தேம்லா, அதுக்கு முந்தின நாளுமா?"

"அன்னிக்கு நாலு."

செல்வியின் அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "எங்க ஊருல விரதம்னா பச்சத் தண்ணி பல்லுல படாது. ஒங்க விரதம் நல்லா இருக்கே தாயி!" என்று சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். செல்வி மட்டும் சிரிக்கவில்லை. சுண்டு விரலை நீட்டி "கட்டி" என்றாள். பம்பாய்ப் பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய சாபம் கிடையாது. "பட்டி" சொல்கிற வரைக்கும் பேச்சு இல்லை, ஜாடை இல்லை, பென்சில் இல்லை.

பதினைந்து நாள் ஒரே பெஞ்சில் அவள் ஒரு கோடி, நான் ஒரு கோடி. எனக்குக் கணக்கில் முட்டை. அவள் பேசாவிட்டால் என்ன ஆகும் என்று அதுவரை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. பள்ளிக்கூடமே பிடிக்காமல் போயிற்று. பதினாறாம் நாள் மத்தியானம், கரும்பலகையைப் பார்த்தபடியே அவள் கேட்டாள்: "அந்த அடைக்கித் தொட்டுக்க என்ன?"

"வெல்லம். சில நாள் அவியல்."

"பட்டி" என்றாள்.

அதற்கடுத்த திங்கட்கிழமை அவளை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். அம்மா அவளைக் கூடத்தில் உட்கார்த்தித் தட்டை நீட்டினாள். எங்களோடு சமையலறையில் உட்கார வைக்கவில்லை. அந்தக் காலத்து எங்கள் வீடு அப்படி, பூசி மெழுக எனக்கு இஷ்டமில்லை. ஆனால் செல்விக்கு முறுகல் பிடிக்கும். கல்லிலிருந்து எடுத்தது கூடத்துக்கு வருவதற்குள் சவசவத்துப் போகிறது என்று சொல்லி, மூன்றாவது வாரமே அவள் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். "சரி, சித்த நகர்ந்துக்கோ, எண்ணெய் தெறிக்கும்" என்பதோடு அம்மாவும் விட்டுவிட்டாள்.

அப்பா மட்டும் அந்த அடையைத் தொடவில்லை. அன்றிலிருந்து திங்கட்கிழமை ராத்திரி அவருக்கு ஒரு தம்ளர் தண்ணீர்தான், மோர்கூடக் கிடையாது. அந்தப் பிரதமர் காலமானார், பஞ்சம் தீர்ந்தது, ரேஷன் அரிசியை வாங்காமல் விடுகிற காலமும் வந்தது, அப்பா விடவில்லை. பசியில் கோபம் வேறு மூக்குக்கு மேல் வரும், மார்க் ஷீட்டில் கையெழுத்து வாங்குகிற வேலையை நாங்கள் செவ்வாய்க்கிழமைக்குத் தள்ளி வைத்துக்கொள்வோம். "அந்தக் குழந்தை விழுந்தாளே" என்று எப்போதாவது சொல்வார். கடைசி வரைக்கும் அவ்வளவுதான் சொன்னார்.

அப்பா போன பிறகு அந்தத் திங்கட்கிழமையை நான் எடுத்துக்கொண்டேன். மாட்டுங்கா கட்டிடத்தை இடித்துவிட்டார்கள்; அந்த மூன்று மாடி வாசனையும், மோரியும், மெல்ல மெல்லச் சூடான அந்த ரேடியோவும் எங்கே போயிற்றோ. நான் இப்போது சான்பாடாவில் மகனோடு இருக்கிறேன். மருமகள் போனில் ஒரு ஆப் வைத்திருக்கிறாள். அது "இனி சாப்பிடலாம்" என்று சொல்லும் வரை அவள் ஒரு பருக்கை தொடமாட்டாள், சொன்ன பிறகு பருக்கையைத் தவிர எல்லாவற்றையும் தொடுவாள். எனக்கு அம்மா ஞாபகம் வரும். ஆனால் நான் பட்டினி கிடந்தால் மட்டும் மருமகளுக்குப் பொறுக்காது. வெறும் வயிற்றில் மாத்திரை போடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதைக் காட்கோபரில் இருக்கும் செல்விக்கு போன் போட்டுச் சொல்லிக்கொடுத்துவிட்டாள்.

அதிலிருந்து திங்கட்கிழமை ஏழு மணிக்கு டாண் என்று செல்வியின் போன் வரும். "சாப்ட்டியா?" என்பாள். "ஆச்சு" என்றால் நம்பமாட்டாள். "ஒங்கிட்ட ஏமாந்தவ நானு. தட்ட போட்டோ புடிச்சு அனுப்பு." நானும் அனுப்பினேன். பத்து வயதில் சாப்பிட்டுவிட்டுப் பட்டினி என்று எழுதினவள், எழுபது வயதில் பட்டினி கிடந்துகொண்டு அடைப் படம் அனுப்பினேன்.

போன திங்கட்கிழமை அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது. "ஏட்டி, இந்த அடையோட ஓரம் நாலு வாரமா ஒரே எடத்துல பிஞ்சிருக்கு. ஒரே போட்டோவ எத்தன வாட்டி அனுப்புவ?"

நான் அசடு வழிந்தேன். "நீ சாப்பிடு, செல்வி. உனக்குச் சக்கரை. ஊசி போட்டுண்டு சாப்பிடாம இருக்கப்படாது."

"ஊசி இன்னும் போடல. தட்டு முன்னாலதான் இருக்கு." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "நீ பட்டினி கெடக்கும்போது நான் மட்டும் எப்பிடிட்டி திங்க?"

மறுமுனையில் அவள் போனை வைக்கவில்லை. அப்பாவிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். போனைக் காதில் இடுக்கிக்கொண்டு எழுந்துபோய், பிரிட்ஜிலிருந்து மாவை எடுத்து, கல்லை அடுப்பில் போட்டேன். "சொய்ங்" என்ற சத்தம் அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும். "ம், இப்ப நம்புதேன்" என்றாள்.