தொட்டியோடு தாவரவியல் பூங்காவுக்கு

எங்கள் மொட்டை மாடித் தொட்டியில், நான் விதைக்காத செடி ஒன்று முளைத்தது. பகலெல்லாம் பச்சைப்பசேலென்று நிற்கும். சாயங்காலமானால் இலையெல்லாம் துவண்டுவிடும். அது என்ன செடி என்று தெரிந்துகொள்ளாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. என் மனைவிக்கோ அந்தத் தொட்டி வேண்டியிருந்தது.

“தெனம் சாவுது, தெனம் பொழைக்குது. புடுங்கிட்டு கறிவேப்பிலை வெக்கப் போறேன்.”

“அபூர்வ மூலிகையா இருந்தா?”

“போன தடவ மூலிகைன்னு பார்த்தீனியத்த வளத்து தெருவையே தும்ம வெச்சீங்க.”

செல்போனில் படம் எடுத்துக் கேட்டேன். கோணத்துக்கு ஒரு பெயர் சொன்னது. கடைசியில் ஞாயிற்றுக்கிழமை வரை கெடு வாங்கினேன். தாவரவியல் பூங்காவில் மரங்களுக்குப் பெயர்ப்பலகை உண்டு, ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். இதற்கு ஓர் இலையைக் கிள்ளிக்கொண்டு போனால் போதும். அது தோன்றாமல், தொட்டியையே மனைவி மடியில் ஏற்றி ஸ்கூட்டரை எடுத்தேன்.

வாசலில் காவலாளி மறித்தார். “உள்ள எடுத்துனு போங்க சார், வேணான்னு சொல்லல. வெளிய வரும்போது இது உங்களுதுன்னு நான் எப்படி நம்பறது?”

புதுச்சேரிக்காரனுக்கு இது புரியாதா? எல்லைச் சோதனைச் சாவடியிலும் ஊருக்குள் வரும் பையை யாரும் சீண்டமாட்டார்கள். வெளியே போகும் பையைத்தான் பாட்டிலுக்காகக் குடைவார்கள். தொட்டியை அவர் நாற்காலி பக்கத்திலேயே விட்டுவிட்டு நுழைந்தோம்.

ஒரு மரம் கிளைகளை விட்டுவிட்டு அடிமரத்தில் பூத்திருந்தது. ஏன் அப்படி என்று வாய் பிளந்து நின்றேன். இன்னொன்றின் பலகையைப் படிக்கக் குனிந்தால், மரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு காதல் ஜோடி எழுந்து போனது.

“பலகையத்தான் பாத்தேன்.”

“தெரியும். கண்ணாடிய தொடச்சு தொடச்சு பாத்தீங்களே.”

எந்த இலையும் ஒத்துவரவில்லை. வெளிச்சமும் மங்கியது. “கறிவேப்பிலைதான்” என்று தீர்ப்புச் சொல்லி முன்னால் நடந்தவள், குடைபோல் விரிந்த ஒரு பெரிய மரத்தடியில் நின்று அண்ணாந்தாள்.

“ஏங்க, இதுவும் துவளுது.”

தலைக்கு மேலே இலைகள் ஜோடி ஜோடியாக மடிந்துகொண்டிருந்தன. தூங்குமூஞ்சி மரம்! உப்பளம் பகுதியில் என் ஆபீஸ் வாசலில் இதன் நிழலில்தான் வருஷக்கணக்காக ஸ்கூட்டரை நிறுத்துகிறேன். சீட்டில் ஒட்டும் பிசுபிசுப்புக் காயைத் திட்டிக்கொண்டே சுரண்டியிருக்கிறேன். நிமிர்ந்து இலையைப் பார்த்ததில்லை. அது தூங்குவதற்குள் நான் வீட்டுக்குக் கிளம்பிவிடுவேன். ஆபீசில் என் தூக்கம் அதற்கு முன்பே முடிந்திருக்கும்.

வாசலுக்கு வந்தால் காவலாளி பதறி எழுந்தார். “சார், நான் கையே வெக்கல. தண்ணி கூட ஊத்தனேன். தானா வாடிப்போச்சு. மொதல்ல தூக்கினு போயிடுங்க.”

“வாடலண்ணா, தூங்குது” என்றாள், தினமும் அதற்குச் சாவு அறிவித்துக்கொண்டிருந்தவள். தொட்டியை அவளே தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

வண்டி நகர்ந்ததும் கேட்டேன், “அவ்ளோ பெரிசா வளந்தா மாடி தாங்குமா?”

“அத அப்புறம் பாத்துக்கலாம். பள்ளத்துல எறக்காம ஓட்டுங்க, முழிச்சுக்கப் போவுது.”