காற்றுத்துளையில் ஒரு தோர்த்து

உடும்பஞ்சோலைப் பக்கம் ஏலக்காட்டுக்குள் டீசல் ட்ரம் வைத்திருப்பவர்கள் அதன் காற்றுத்துளையைத் துணியால் அடைத்துவைப்பார்கள். திறந்து கிடந்தால் குளவி மண்ணைக் கொண்டுவந்து பூசிவிடும். மழைக்காலத்தில் தண்ணீர் இறங்கும். பழைய தோர்த்தில் ஒரு துண்டைக் கிழித்து, விரலால் உருட்டி, துளைக்குள் திருகிவிட்டால் போதும். தோர்த்து என்பது எங்கள் பக்கத்து மெல்லிய துண்டு. குளிக்க, துடைக்க, தலையில் கட்ட எல்லாவற்றுக்கும் அதுதான். மருந்தடிக்கும் மோட்டாரை ஓட்டும் முன் அந்தத் துணியைப் பிடுங்க வேண்டும். மறந்தால் எண்ணெய் கொஞ்ச நேரம் வரும், பிறகு நிற்கும். யாராவது கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டே போய்ப் பிடுங்குவார்கள். காட்டில் அதோடு முடிந்தது.

அதே தவறைக் கடலுக்கு மேலே பார்த்தவன் நான்.

குமுளியில் இருந்துகொண்டு ஒரு நாளிதழுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். யானை மிதித்தது, மலைப்பாதையில் ஜீப் உருண்டது, சந்தையில் கத்திக்குத்து. உடல் எப்படிக் கிடந்தது, யார் முதலில் பார்த்தது என்று எழுதிப் பழகிய கை. பிறகு அந்த வேலையை விட்டு, புது விமானங்களைத் தொழிற்சாலையிலிருந்து வாங்குபவரிடம் ஓட்டிக்கொண்டுபோய்க் கொடுக்கும் சின்ன நிறுவனம் ஒன்றில் சேர்ந்தேன். எந்த நாட்டு வானத்தைக் கடக்கிறோமோ அந்த நாட்டு அனுமதியை வாங்கிவைப்பது என் வேலை. சில பயணங்களில் நானும் கூடப் போவேன்.

பெரிய விமானம் ஒரே மூச்சில் கடலைத் தாண்டிவிடும். பக்கத்துப் பக்கத்து ஊர்களுக்கு ஓடும் சின்ன விமானம் அப்படியல்ல. இரண்டு காற்றாடி, சிறிய எண்ணெய்த் தொட்டி. ஆனால் அதை வாங்குகிறவர் கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு தீவில் இருப்பார். இறக்கையைக் கழற்றிக் கப்பலில் போட்டு அனுப்ப முடியாது. அதனால் வடக்கே ஏறி, பனித்தீவுகளில் ஒவ்வொன்றாக இறங்கி எண்ணெய் போட்டு, அடுத்த கண்டத்தைத் தொட்டு, அதன் மேற்குக் கரை வரை ஓட்டுவார்கள். அதற்கப்புறம் தீவு வரைக்கும் இறங்க இடமே கிடையாது. அந்தக் கடைசிப் பாய்ச்சலுக்காக, பயணிகள் உட்கார வேண்டிய இடத்தில் அலுமினியத் தொட்டிகளை வைத்து வாரால் இறுக்கிக் கட்டுவார்கள். இருக்கைகள் பின்னால் கப்பலில் வரும். தொட்டிகளிலிருந்து பம்பு வைத்து இறக்கைக்கு எண்ணெயை ஏற்ற வேண்டும். எல்லாத் தொட்டிகளுக்கும் மூச்சுவிட ஒரே ரப்பர் குழாய். ஒரு ஜன்னலைக் கழற்றிவிட்டு, அங்கே பொருத்திய தகடு வழியாக அதன் வாய் வெளியே திறந்திருக்கும். தொட்டிக்கு வெளிக்காற்று என்பதால் உள்ளே காற்றழுத்தம் ஏற்ற முடியாது, தாழப் பறக்க வேண்டும். புயலும் மழையும் இருப்பது அந்த உயரத்தில்தான்.

கேப்டன் பாலக்காட்டு அக்ரஹாரத்தில் தேர்வீதிக்காரர். ஆட்களையும் எல்லைக்கு அந்தப் பக்கத்துத் தமிழர்களாகவே பொறுக்குவார். “ரேடியோவிலே இங்கிலீஷ் போரும். பாக்கி எல்லாம் நம்ம பாஷையிலே ஓடட்டும்” என்பார். துணை விமானி பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த பெண், கொங்குப் பேச்சு. மெக்கானிக் உடும்பஞ்சோலைக்காரர். எஸ்டேட் கூலிக்காரர்களின் லயத்து வீட்டில் பிறந்து, படித்து, விமான மெக்கானிக் உரிமம் வாங்கியவர். தரையில் வேலை செய்ய எத்தனையோ இடம் கூப்பிட்டும் போகவில்லை. பறக்கும் வேலைதான் வேண்டும் என்று இதற்கு வந்தார்.

மேற்குக் கரையில் எதிர்க்காற்று குறையக் காத்திருந்தோம். விடாத மழை. விமானத்தின் மற்றத் துளைகளுக்கெல்லாம் சிவப்பு நாடா தொங்கும் மூடிகள் உண்டு. இந்தத் தகடு இடையில் வந்தது, அதற்கு மூடி இல்லை. மெக்கானிக் தன் தோர்த்தைக் கிழித்து, உருட்டி, அடைத்தார். வெள்ளை விமானத்தில் வெள்ளைத் துணி.

புறப்படும் காலையில் கேப்டன் குடையோடு விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். மெக்கானிக்கும் சுற்றினார். இரண்டு பேருக்கும் அது கண்ணில் படவில்லை.

கடலுக்கு மேல் வந்ததும் பம்பைப் போட்டுச் சோதித்தார்கள். எண்ணெய் ஒழுங்காக ஏறியது. தொட்டியின் மேல்புறம் கொஞ்சம் காற்று இருந்ததால் ஏறியது என்பது அப்போது யாருக்கும் தெரியாது. இந்தப் பயணத்தில் ஓர் இடம் உண்டு. அதைத் தாண்டினால் திரும்பிப் போக எண்ணெய் இருக்காது, முன்னால்தான் போக வேண்டும். கேப்டன் அதைத் தாண்டினார். கொஞ்ச நேரத்தில் மேகத்துக்குள் நுழைந்தோம்.

முதல் உலுக்கலில் என் தலை கூரையில் இடித்தது. சாப்பாட்டுப் பெட்டி பறந்துபோய்ப் பின்சுவரில் உடைந்தது. மழை ஜல்லியைக் கொட்டுவது போல் விமானத்தின் உடம்பெல்லாம் அடித்தது. மெக்கானிக் பம்பை மறுபடி போட்டார். வேட்டுச் சத்தம் கேட்டது. இறக்கை முறிந்துவிட்டது என்று நினைத்தேன். பார்த்தால், முன்தொட்டியின் பக்கச் சுவர் உள்ளே போயிருந்தது, யாரோ காலால் உதைத்தது போல. இரண்டாவது வேட்டு. அடுத்த தொட்டியும் நசுங்கியது. ஓரத் தையலில் எண்ணெய் கசிந்தது. பம்பு வெறுமனே கத்திற்று.

மெக்கானிக் பம்பை நிறுத்தினார். தோளில் கிடந்த தோர்த்தை இழுத்துப் பார்த்தார். அதன் ஒரு முனை கிழிந்திருந்தது.

“சாரே,” என்றார், விமானத்துக்குள் பேசிக்கொள்ளும் காதுக்கருவியில். “மூச்சுக்குழாய்க்குத் துணி வெச்சேன். எடுக்கல.”

கேப்டன் விமானத்தைத் துணை விமானியிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் வந்தார். நெடிய ஆள். கூரையைப் பிடித்துக்கொண்டு வந்தார். வந்ததும் உள்ளங்கையை விரித்து மெக்கானிக்கின் இடது காதில் அடித்தார். காதுக்கருவி தெறித்தது. அடுத்த அடி முஷ்டி. மோதிரம் புருவத்தைக் கிழித்தது. மெக்கானிக் விழுந்தார். கேப்டன் விலாவில் உதைத்தார்.

“பாவி, எத்தனை பேரைக் கொல்லப் பாத்தாய்? இது நோக்கு ஏலக்காடா?”

அவருடைய இடுப்பு வாரைப் பிடித்து நான் இழுத்தேன். அவர் முழங்கை என் வாயில் பட்டது. பல் ஒன்று நாக்கில் உருண்டது. கீழே கிடந்த மெக்கானிக் அவர் காலை வாரிவிட, மூவரும் எண்ணெய் கசிந்த தரையில் புரண்டோம். விமானம் ஒரு பக்கமாகச் சரிந்தது. சரிந்த பக்கமே எல்லோரும் போய்த் தொட்டிச் சட்டத்தில் மோதினோம்.

துணை விமானியின் குரல் என் காதில் வந்தது. சத்தமே உயரவில்லை.

“சார், அவரை அடிச்சா எண்ணெய் வராதுங்க. தரைக்குப் போய் அடிச்சுக்குங்க. இப்ப எனக்கு எறக்கையில எண்ணெய் வேணுங்க.”

கேப்டனின் காதுக்கருவி கழன்றிருந்தது. அவர் கேட்கவில்லை. நான் அப்படியே திருப்பிச் சொன்னேன். அவர் எழுந்து, சட்டையைத் துடைத்து, முன்னால் போனார். போகும்போது, “தீப்பொறி வர்ற ஒண்ணையும் தொடாதே” என்றார்.

மெக்கானிக் எழுந்து உட்கார்ந்தார். இடது காதிலிருந்து ரத்தம் கழுத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. துணி வெளியே இருந்தது, உள்ளேயிருந்து பிடுங்க வழியில்லை. பையிலிருந்து கத்தியை எடுத்து, தகட்டுக்கு முன்னால் மூச்சுக்குழாயை ஒரே இழுப்பில் அறுத்தார். காற்று விசிலடித்துக்கொண்டு தொட்டிக்குள் போனது. நசுங்கிய சுவர் டமாரென்று பாதி வெளியே வந்தது. பம்பைப் போட்டார். துணை விமானி, “ஏறுதுங்க” என்றார்.

அடுத்த குலுக்கலில் எண்ணெய் அறுந்த வாய் வழியாகப் பீறிட்டு மெக்கானிக் முகத்தில் அடித்தது.

அதுதான் சிக்கல். குழாய் வாயை மூடினால் தொட்டி மறுபடி நசுங்கும். கீழே விட்டால் குலுக்கலுக்குக் குலுக்கல் எண்ணெய் வெளியே கொட்டும். கொட்டுவது நாங்கள் தரைக்குப் போக வேண்டிய எண்ணெய். ஒருவர் அதைக் கூரை உயரத்துக்குத் தூக்கிப் பிடிக்க வேண்டும். எண்ணெய் எழும்பும்போது கட்டைவிரலால் அடைக்க வேண்டும், அடங்கியதும் திறக்க வேண்டும். மெக்கானிக் சட்டத்தோடு தன் இடுப்பை வாரால் கட்டிக்கொண்டு, வலது கையைத் தூக்கி நின்றார்.

“தாங்கண்ணா, நான் பிடிக்கிறேன்” என்றேன். அவர் என்னைவிட வயதில் மூத்தவர்.

“தள்ளி நில்லுங்க. ஏலத்துக்கு மருந்தடிக்கிற ஓசுக்கொழாய் புடிச்ச கை இது. ஒங்களுக்கு வராது.”

எண்ணெய் அவர் கையில் வழிந்து, அக்குள் வழியாக மார்பில் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் தோல் சிவந்து, பிறகு கொப்புளித்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை. பம்பின் சத்தத்தை வைத்தே அடைத்தார், திறந்தார். வாடையில் நான் வாந்தி எடுத்தேன். பெரிய காற்றுப் பள்ளம் ஒன்றில் விமானம் விழுந்தபோது வார் இறுகி, அவர் இடது தோள் சட்டத்தில் மோதியது. மூட்டு கழன்ற சத்தம் எனக்குக் கேட்டது. கை தனியாகத் தொங்கியது. வலது கை இறங்கவில்லை.

“தம்பி,” என்றார் மெக்கானிக்.

“என்ன?”

“பீடி இருக்கா?”

சிரித்தார். பல்லெல்லாம் ரத்தம். நான் அவர் வலது முழங்கைக்குக் கீழே என் தோளைக் கொடுத்து நின்றேன். கேப்டன் ஒருதரம் திரும்பிப் பார்த்தார். இறங்கும் வரை பின்னால் வரவில்லை.

தீவில் வெயில். புது விமானத்தை வரவேற்க மாலையும் மேளமுமாக நின்றிருந்தார்கள். கதவைத் திறந்ததும் வாடை முதலில் இறங்கியது. மேளம் நின்றது. கேப்டன் கழுத்தில் ஒரு பெண் மாலையைப் போட்டுவிட்டு மூக்கைப் பொத்தினார். மெக்கானிக் யாரையும் பார்க்காமல் ஒற்றைக் கையால் ஏணியை இழுத்துப் போட்டு ஏறி, தகட்டுத் துளையில் விரலை விட்டார். நனைந்து கல்லாகியிருந்த தோர்த்து எளிதில் வரவில்லை. பல்லால் கடித்து இழுத்தார். பிறகுதான் மயங்கி விழுந்தார்.

தோல் ஆறியது. தோளை ஏற்றி வைத்தார்கள். காதுதான் சரியாகவில்லை. சவ்வு கிழிந்ததோடு உள்ளேயும் ஏதோ போய்விட்டது. தலையைத் திருப்பினால் தரை சுற்றியது. இனிப் பறக்கும் வேலைக்குத் தகுதியில்லை என்று டாக்டர் சொன்னார். நிறுவனத்தில் விசாரித்தபோது கேப்டன் அடித்ததையும் சொன்னேன், துணியையும் சொன்னேன். துணியைப் பற்றி மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். மெக்கானிக் ஊருக்குப் போனார். கேப்டன் இன்னும் சில விமானங்களைக் கடல் தாண்டிக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, ஓய்வு பெற்றுத் தேர்வீதிக்கு வந்தார்.

போன மழைக்காலம் முடியும் சமயம் அவர் எனக்குப் போன் செய்தார். “அவனைக் காணணும். கொண்டுபோறாயா ஓய்?” குமுளிக்கு பஸ்ஸில் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையவில்லை. ஜீப்பில் உடும்பஞ்சோலைக்கு ஏறினோம்.

மெக்கானிக் ஏலச்செடிகளுக்கு மருந்தடிக்கத் தயாராகிக்கொண்டிருந்தார். மருந்து என்றால் துருசு என்கிற மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்த நீலத் தண்ணீர். டீசல் ட்ரம்மின் காற்றுத்துளையில் தோர்த்துத் துண்டு. கேப்டன் அவருக்கு இடப்பக்கமாக நின்று ஏதோ சொன்னார். மெக்கானிக் திரும்பவில்லை. கேப்டன் மறுபடியும் சொன்னார்.

“இந்தப் பக்கம் வாங்க சாரே,” என்றார் மெக்கானிக். “அந்தக் காது ஒங்க கிட்ட இருக்கு.”

கேப்டன் சுற்றி வந்தார். “அடிச்சது தப்பாக்கும். அதைச் சொல்லத்தான் வந்தேன்.”

“துணி வெச்சது நான். அதுக்குத் தரை வர்ற வரைக்கும் கொழாயப் புடிச்சேன். துணிய வெச்சுட்டே கெளம்புனோம்ல, நீங்களும்தான கொடையோட சுத்தி வந்தீக? அதுக்கு நீங்க எதைப் புடிச்சீக?”

மெக்கானிக் ட்ரம்மிலிருந்து துணியைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டார். தரையில் கிடந்த ஓசின் முனையை எடுத்துக் கேப்டனிடம் நீட்டினார்.

“இதைப் புடிங்க.”

மோட்டாரைப் போட்டார். ஓசு ஒரு துள்ளுத் துள்ளியது. கேப்டன் தடுமாறி, இரண்டு கையாலும் இறுக்கினார். காற்று எதிரே வந்தது. நீலத் தண்ணீர் திரும்பி அவர் முகத்திலும் சட்டையிலும் அடித்தது. அவர் கண்ணை மூடினார். ஓசின் முனை பக்கவாட்டில் ஆடியது. நான் வாங்கிக்கொள்ளப் போனேன். மெக்கானிக் என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

“ஒசத்திப் புடிங்க சாரே,” என்றார். “இன்னும் ஒசத்தி.”

மருந்துத் தொட்டி தீரும் வரை மோட்டாரை அவர் நிறுத்தவில்லை. கேப்டனும் கையை இறக்கவில்லை.