ஒரு மைக்கில் இருவர்

வெள்ளவத்தையில் நான் கசட் பதிவுக்கடை வைத்திருந்த நாட்களில் ஒரு மத்தியானம் அவர் வந்தார். ஒடிசலான மனிதர். இடக்கை விரல் நுனிகள் கிற்றார் கம்பியால் காய்த்திருந்தன. பேசும்போது தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொள்வார், பக்கத்தில் இன்னொருவருக்கு இடம் விடுவதுபோல.

அவரும் மனைவியும் நாட்டுப்பாடல்களை கிற்றார், டிரம்ஸோடு ரொக் பாணியில் பாடியவர்கள். கொட்டாஞ்சேனை மண்டபமொன்றில் சனத்தின் முன் பாடிப் பதிவுசெய்த கசட்டை நீட்டினார்.

“தம்பி, இதில என்ர குரலை அழிச்சுத் தாங்கோ. அவவின்ர மட்டும் இருக்கட்டும்.”

“ஏன் அண்ணே?”

“களுபோவில ஆஸ்பத்திரியில தொண்டை ஒப்பரேஷன் முடிஞ்சுது. இனி அவவால கதைக்க ஏலாதாம்.”

போட்டுக் கேட்டேன். இருவரும் ஒரே மைக்கில் பாடியிருந்தார்கள். குரல்களைப் பிரிக்க வழியில்லை என்றேன்.

“ரெண்டு மைக் தந்தவங்கள். நான்தான் ரெண்டு பேருக்கும் ஒண்டு போதும் எண்டனான்,” என்று தலையில் அடித்துக்கொண்டார்.

கசட் முழுவதையும் ஓடவிட்டுத் தேடினோம். ஓரிடத்தில் அவருடைய கிற்றார் கம்பி அறுந்து, அவர் வேறு கம்பி எடுக்கப் போக, பாட்டு நின்றது. சனம் சிரித்தது. “கொஞ்சம் பொறுங்கோ, இவர் இப்ப வந்திடுவார்,” என்றது மனைவியின் குரல், தனியாக.

அந்த ஒரு வரியையே புதுக் கசட்டின் இரண்டு பக்கமும் நிரம்பும்வரை பதியச் சொன்னார். பதிந்து முடியும்வரை அவர் உட்காரவில்லை. அந்தக் குரல் வந்த ஒவ்வொரு தடவையும், தலையைச் சாய்த்தபடி, “ஓம், வந்திட்டன்,” என்றார்.