அமரர் கஜபதி நேரில் வந்தார்

ஆவடி ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்த சண்முகசுந்தரம் திருநெல்வேலிக்காரர். பட்டாபிராமில் பதினொரு வருடம் குடியிருந்தும் ஊரார் பேச்சு அவருக்குப் பாதிதான் புரியும். 1988இல் பட்டாபிராமின் வரலாற்றையும் பெருமக்களையும் பற்றிப் புத்தகம் எழுதும் தைரியம் அவருக்குத்தான் வந்தது. ஊரில் பெருமக்கள் இருந்ததே உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியாது.

பட்டியலில் ஐந்தாமவர் கஜபதி. ஒரே நாளில் ஏழு பேரைக் குஸ்தியில் சாய்த்தவர். விவரம் கேட்கப் போனபோது அவர் மருமகள் வரலட்சுமி வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். கண்ணெல்லாம் நீர்.

“நைனா காலீலயே டிக்கெட் வாங்கிகினாரு சார்.”

இது சண்முகசுந்தரத்துக்குத் தெரிந்த பாஷை. கேண்டீனில் யார் செத்தாலும் ‘டிக்கெட் வாங்கிட்டான்’ என்பார்கள். ஒரு நிமிடம் தலைகுனிந்து நின்றார். சொல் பிடிபட்ட பெருமையோடு திரும்பினார். அச்சகம் காத்துக்கொண்டிருந்ததால் அந்த வாரமே புத்தகத்தில் ‘அமரர் கஜபதி’ என்று அச்சாயிற்று. துக்க வீட்டுக்கு முதல் பிரதி தபாலில் போயிற்று.

உடன் வேலை செய்யும் கோதண்டம்தான் வந்து சொன்னான்.

“இன்னா சார், அவரு திருப்பதிக்கில்ல டிக்கெட் வாங்கிகினு போனாரு! மொட்டை அட்ச்சிகினு வந்துட்டாரு. உன் அட்ரஸ் கேட்டாரு, குட்த்துட்டேன்.”

“ஏன்யா குடுத்தே?”

“குடுக்காங்காட்டி என்னிய அடிப்பாரே!”

அன்று முதல் குவார்ட்டர்ஸ் கதவுக்குத் தாழ்ப்பாள், தாழ்ப்பாளுக்கு முட்டுக்கொடுத்த சைக்கிள். மனைவி பார்வதம் கேட்டாள்: “பொறவாசலையும் பூட்டிட்டா எப்படி ஓடுவீய?”

சனிக்கிழமை மாலை கதவு தட்டப்பட்டது. மெதுவாகத் தட்டியதுதான் அதிகம் பயமுறுத்தியது. திறந்தார். மொட்டைத் தலையோடு கஜபதி. கையில் புத்தகம்.

“சார், தேதி போடலியே? நான் எப்போ போவேன்னு தெரிஞ்சிதான் எழுதினியா?”

“தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன், மன்னிச்சிருங்க.”

“அச்சுல சும்மாவா போடுவாங்க? ரெண்டு நாளா சோறு எறங்கல சார். மாரு பட்பட்னு அட்ச்சிக்குது.”

அடி விழாது என்று தெரிந்ததும் சண்முகசுந்தரத்தின் பயம் இரட்டிப்பாயிற்று. கஜபதி பயத்திலேயே போய்விட்டால் புத்தகம் சரியாகிவிடும், கொன்றவர் ஆசிரியர். பார்வதத்தை மோர் கொண்டுவரச் சொன்னார். கஜபதியை உட்காரவைத்து, அவர் கண்முன்னே வீட்டில் அடுக்கியிருந்த இருநூறு பிரதியிலும் ‘அமரர்’ என்பதைப் பேனாவால் அடித்தார்.

கஜபதி கடைசிப் பிரதியை வாங்கி, விரல் வைத்து எழுத்துக்கூட்டினார்.

“‘நம்மிடையே வாழ்ந்தார்’னு கீதே, சார்.”

சண்முகசுந்தரம் முதல் பிரதியை மறுபடி எடுத்தார்.