கஸ்தூரி வாயைத் திறந்த திங்கட்கிழமை

என் அம்மாவின் கடிதத்தை விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் சத்தமாகப் படித்துச் சிரித்தார்கள். இன்று இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் அடங்கவில்லை. அண்ணாமலையாரை நம்புகிறவர்களிடம் இதை மறைக்காமல் சொல்ல நினைக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கிராமத்திலிருந்து பி.எஸ்சி. படிக்க ஆடி மாதம் திருவண்ணாமலைக்கு வந்தேன். அதுவரை வீட்டைவிட்டு ஒரு நாள்கூடத் தனியாக இருந்ததில்லை. வேங்கிக்கால் பக்கம் கல்லூரி விடுதி. வகுப்பில் இங்கிலீஷ் புரியவில்லை. விடுதியில் யாரும் ஒட்டவில்லை. பக்கத்துப் பாயில் படுக்கும் போளூர்க் கஸ்தூரி இரண்டு மாதத்தில் என்னிடம் பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம். வீட்டுக் கடிதம்தான் ஒரே ஆறுதல்.

அந்தக் கடிதங்களையும் வார்டன் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார். காதல் கடிதம் வருகிறதா என்று பார்க்கிறாராம்!

புரட்டாசியில் ஒரு வியாழக்கிழமை. மதியச் சாப்பாட்டு நேரம். வார்டன் ஒரு இன்லேண்டு கடிதத்தோடு வந்து நின்றார்.

"இங்க பாருங்கடி, ஒரு தமாஷ்."

அம்மாவுக்கு எழுதத் தெரியாது. அம்மா சொல்லச் சொல்லத் தங்கை எழுதிய கடிதம் அது. மூன்று மாதமாக உதிரப்போக்கு நிற்கவில்லை, அப்பாவிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது, உன்னிடமும் தங்கையிடமும் மட்டும் சொல்கிறேன் என்று இருந்தது. ஒரு தாய் தன் மகள்களிடம் மட்டும் சொன்னது! அதை எழுத்துப்பிழையோடு இழுத்து இழுத்துப் படித்தார் அந்த அம்மாள். சிலர் சிரித்தார்கள்.

எழுந்து போய்ப் பிடுங்கினேன். கடிதம் கிழிந்தது. அவ்வளவுதான் நடந்தது. ஆனால் நான் கன்னத்தில் அறைந்ததாக முதல்வரிடம் எழுதிக் கொடுத்துவிட்டார். திங்கட்கிழமை அப்பாவை அழைத்து வர வேண்டும், டி.சி. வாங்கிக்கொண்டு போக வேண்டும் என்றார்கள்.

நாற்பது பேர் பார்த்தார்கள். ஒவ்வொருத்தியிடமும் போய்க் கெஞ்சினேன். "எங்களையும் அனுப்பிட்டா என்னடி பண்றது?" என்றார்கள். கஸ்தூரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை கோயிலுக்கு நடந்தே போனேன். கும்பிடப் போகவில்லை. சண்டை போடப் போனேன்.

"எனக்கு மார்க் வேணாம், ஒண்ணும் வேணாம். அத்தன பேர் பாத்தாங்க இல்ல? அதுல ஒருத்திய வாயத் தொறக்க வை. இல்லன்னா நீ வெறும் கல்லுன்னு நெனச்சிக்கறேன்."

குருக்கள் விபூதி நீட்டினார். வாங்காமல் வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை முதல்வர் அறையில் அப்பா கைகட்டி நின்றார். "அறியாப் பொண்ணுங்க, மன்னிச்சிடுங்க. வூட்டுக்கே கூட்டினு போயிடறேன்" என்றார். நான் செய்யாத தப்புக்கு அப்பா கும்பிட்டது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அப்போது கதவு திறந்தது. கஸ்தூரி. நேராக முதல்வரின் மேசை முன்னால் வந்து நின்றாள்.

"மேடம், இவ அடிக்கலிங்க. லெட்டரத்தான் புடுங்கினா. என் லெட்டரையும் இப்படித்தான் படிச்சாங்க. எங்கக்கா வாழாம வந்துட்டத எல்லாருக்கும் சொன்னாங்க."

அவளுக்குப் பின்னால் இன்னும் ஐந்து பேர் நின்றார்கள்.

முதல்வர் வார்டனைப் பார்த்தார். "பொண்ணுங்க நல்லதுக்குத்தான் படிச்சேன்" என்றார் வார்டன். முதல்வர் என் டி.சி.யில் கையெழுத்துப் போடவில்லை. அன்றோடு கடிதம் பிரிக்கும் வழக்கமும் நின்றது. ஆனால் வார்டன் மன்னிப்புக் கேட்கவே இல்லை. அந்தக் கோபம் எனக்குப் போகவில்லை. போக வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்ளவும் இல்லை.

அம்மாவின் நோயை அப்பாவிடம் அன்றைக்கே சொன்னேன். "எங்கிட்ட சொல்லக் கூடாதா?" என்று அழுதுவிட்டார். மறுநாளே பெரியாஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆபரேஷன் செய்தார்கள். அம்மா பிழைத்துக்கொண்டார்.

கஸ்தூரியிடம், ஏன் வந்தாய் என்று கேட்டேன். "தெரியலடி. ஞாயித்துக்கெழமலருந்து சோறே எறங்கல" என்றாள். அதன் பிறகு மூன்று வருடமும் ஒன்றாகவே சாப்பிட்டோம், ஒன்றாகவே படித்தோம். நான் சன்னிதிக்குத் திரும்பிப் போய் விபூதி வாங்கிப் பூசிக்கொண்டேன்.

அண்ணாமலையாரிடம் பயந்து பயந்து கேட்காதீர்கள். உரிமையோடு கேளுங்கள், திட்டியாவது கேளுங்கள், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். உங்கள் கண்ணெதிரே ஓர் அநியாயம் நடந்து, உங்களுக்குச் சோறு இறங்காமல் போனால் எழுந்து போய்ப் பேசிவிடுங்கள். யாரோ ஒருத்தி உங்களைத்தான் கேட்டு வேண்டிக்கொண்டிருக்கிறாள்.