சட்டைப் பையில் ஓடிய ஒலிப்பதிவு

கீழ்வீட்டு ஸ்டெல்லா டீச்சரின் பேச்சை அவருக்குத் தெரியாமல் பதிவு செய்தவன் நான். மேற்கு மாம்பலத்தில் எங்கள் குடியிருப்புச் சங்கத் தேர்தலில் அவர் என்னை எதிர்த்து நின்றார். காபிக்கு அழைத்து, அக்கம்பக்கத்தாரைப் பற்றி அவர் வாயைக் கிளறினேன். சட்டைப் பையில் இருந்த போனில் பதிந்ததை வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். டீச்சர் அவமானத்தில் வேறு வீடு தேடத் தொடங்கினார்.

வழக்கறிஞரான என் மருமகள் அதை முழுவதும் கேட்டாள். "மாமா, இதுல தூண்டித் தூண்டிப் பேச வெக்கிறது உங்க குரல்தான். கேஸ் போட்டா மாட்டப்போறதும் நீங்கதான்."

சங்கக் கூட்டத்தில் எழுந்து உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன், போட்டியிலிருந்தும் விலகினேன்.

"சார், இப்ப போன் எங்க?" என்றார் டீச்சர். மேஜைமேல் வைத்தேன். அவரே முதலில் சிரித்தார்.

இன்று டீச்சர்தான் எங்கள் செயலாளர். யார் வந்தாலும் போனை உள்ளறையில் வைத்துவிட்டுத்தான் உட்காருகிறேன். போன வாரம் அவரே காபிக்கு வந்தார், மனம்விட்டுப் பேசினார்.