கப்பல் டிக்கெட் எடுத்துட்டேன்னு நான் சொன்ன பொய்

அம்மாவோட கால் அன்னிக்குப் போயிருக்க வேண்டியது. அதுவும் பெத்த மகன் என்னால. இதை முதல்லயே சொல்லிடுறேன், அப்புறம் என்னைத் திட்டிக்கிட்டே கேளுங்க.

அம்மா கட்சால் தீவுல ரப்பர் தோட்டத்துல காலமெல்லாம் பால் வெட்டினவங்க. இப்ப அங்கேயே தங்கச்சி செல்வி வீட்டுல இருக்காங்க. நான் போர்ட் பிளேயர்ல, லம்பா லைன்ல ஒரு ரூம் எடுத்துக்கிட்டு ஏசி ரிப்பேர் வேலை பார்க்கிறேன். கொஞ்ச வருஷத்துக்கு முந்தி, ஐப்பசி மழையில, சுகர் புண் வந்து அம்மாவோட கால் பெருவிரல் கறுத்துப் போச்சு. "உடனே போர்ட் பிளேயர் கொண்டு போங்க"ன்னு அந்தத் தீவு டாக்டர் சொல்லிட்டாரு. "நோயாளிக்குன்னு கப்பல்ல கொஞ்சம் இடம் இருக்கு. டிக்கெட் கிடைக்கலன்னா வந்து சொல்லுங்க, லெட்டர் தர்றேன்"னும் சொல்லியிருக்காரு. செல்வி போன்ல கேட்டப்போ, "லெட்டரெல்லாம் எதுக்கு? நான் இங்க கவுண்டர்ல எடுத்துடுறேன்"ன்னு வீறாப்பா சொன்னவன் நான்தான்.

அப்போ எனக்கு ஒரு கிறுக்கு. போன்ல காசு வச்சுப் போக்கர் ஆடுறது. எனக்கு நானே வச்சுக்கிட்ட சவால் அது. ஐநூறு ரூபாயில ஆரம்பிக்கணும், அதுக்கு மேல கைக்காசு ஒரு பைசா போடக்கூடாது, ஆறு மாசத்துல அம்பதாயிரம் ஆக்கணும். சூதாட்டம்னு யாராவது சொன்னா கோவம் வரும். "இது மூளை வேலை"ன்னு சண்டைக்குப் போவேன். நான் தோக்கவும் இல்லைங்க. தோத்திருந்தா எப்பவோ விட்டிருப்பேன்.

டிக்கெட் விடுற அன்னிக்கு விடியக்காலையே ஃபீனிக்ஸ் பே துறைமுகத்துல கப்பல் டிக்கெட் வரிசையில நின்னேன். எனக்கு முன்னாடி பதினாலு பேர். போன்ல பெரிய போட்டி, கடைசி மேசையில நாலு பேர்தான் மிச்சம், அதுல நான் ஒருத்தன். கவுண்டர் கிட்ட நெருங்கினப்போ ஹாலுக்குள்ள நெட் சுத்த ஆரம்பிச்சது. சிக்னலுக்காக வெளியே நடந்தேன். பின்னாடி நின்ன பெங்காலிக்காரர், "பாயி, லைன் சோட்கே மத் ஜாவோ"ன்னு, வரிசையை விட்டுப் போகாதேன்னு, கையைப் பிடிச்சே தடுத்தாரு. "ஏக் மினிட்"ன்னு உதறிட்டுப் போனேன். இந்த ஒரு கை, இன்னும் ஒரு கைன்னு ஆடிக்கிட்டே இருந்தேன். ஜெயிச்சேன்! அம்பதாயிரம் தாண்டிடுச்சு. துள்ளிக்கிட்டு உள்ள ஓடினா, கவுண்டர்ல இருந்தவர் தலை நிமிராமலே, "கட்சால் கதம்"னாரு. எல்லா டிக்கெட்டும் தீர்ந்து போச்சு. அடுத்த கப்பல் எப்போன்னு அவருக்கும் தெரியல.

அந்த நேரம் பார்த்து செல்வி கூப்பிட்டா. "அண்ணே, எடுத்துட்டியா?" என் வாய் தானா சொல்லுது, "எடுத்துட்டேன்"னு. அம்மாவோட குரலும் பின்னால கேட்டுச்சு, "என் மகன் எடுத்துடுவான்னு நான்தான் சொன்னேன்ல." ஐயோ, அந்தக் குரல்!

ரெண்டு நாள். யார் யாரையோ கெஞ்சினேன். காசு கூடத் தர்றேன்னேன், ஒண்ணும் நடக்கல. லெட்டர் வாங்கச் சொல்லணும்னா பொய்யை ஒத்துக்கணும், அதுக்கு வாய் வரல. மறுநாள் மதியம் கப்பல் கட்சால்ல நிக்கும். அந்தக் காலோட அம்மா மழையில கப்பல் ஏறுற ஜெட்டிக்கு வந்து நின்னுட்டுத் திரும்பிப் போகணும். அதை நினைக்க நினைக்க, கழட்டின ஏசியைத் திரும்ப மாட்டவே தோணல. வேலையைப் பாதியில விட்டுட்டுக் கோவிலுக்கு ஓடினேன். "முருகா, எப்படியாவது ஒரு டிக்கெட் குடு." நூறு தடவை கேட்டிருப்பேன். நெஞ்சு கல்லாட்டம் கிடந்துச்சு. அப்புறம் எங்கிருந்து வந்துச்சோ தெரியாது, வேற மாதிரி கேட்டேன். "முருகா, எனக்குப் பயமா இருக்கு. என் வாயைத் திறந்து விடுப்பா." அழுகை அப்படி வந்துச்சு.

வெளியே வந்து போன் போட்டேன். அங்க மழைன்னா லைன் கிடைக்காது. ஏழு தடவை போட்டேன், கிடைக்கல. எட்டாவது தடவை செல்வி எடுத்துட்டா. ஒண்ணு விடாம சொன்னேன். போக்கர், வரிசை, பொய், எல்லாம். "நீயெல்லாம் மனுசனா?"ன்னா. வச்சுட்டா.

அந்த மழையிலயே அவ டாக்டர்கிட்ட ஓடியிருக்கா. அவர் பையைத் தூக்கிக்கிட்டு வாசல்ல நிக்கிறாரு, பக்கத்துத் தீவு கமோர்ட்டாவுக்குப் போற போட்டுக்கு. திரும்பி வர மூணு நாள் ஆகுமாம். நின்னபடியே லெட்டர் எழுதிக் குடுத்தாரு. இன்னும் அஞ்சு நிமிஷம் நான் தயங்கியிருந்தா?

லெட்டரைக் காட்டினதும் அம்மாவுக்கும் செல்விக்கும் கப்பல்ல இடம் குடுத்தாங்க. ஆஸ்பத்திரியில பெருவிரலை மட்டும் எடுத்தாங்க. "இன்னும் நாலு நாள் விட்டிருந்தா முழங்காலுக்குக் கீழ எடுத்திருப்போம்"ன்னாங்க. அன்னிக்கே, ஜெயிச்ச காசு உள்ள இருக்கும்போதே, அந்த ஆப்பை அழிச்சேன். இதுவரைக்கும் சீட்டைத் தொடல. வேல் சத்தியம்.

கட்டுப் போட்ட காலோட அம்மா ஒரு நாள் கேட்டாங்க, "அந்த வெளையாட்டுல ஜெயிச்சியா மகன்?"

"ஜெயிச்சேம்மா."

அம்மா திட்டவே இல்ல. தலையை ஆட்டிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துட்டாங்க. செல்வி திட்டினது எனக்கு மறந்தே போச்சு. இது மட்டும் போக மாட்டேங்குது.

முருகனை நம்புறவங்களே, உங்கள்ல யாராவது இப்படி எதையாவது மறைச்சுக்கிட்டுத் தவிச்சா, அதை மூடி வைக்கச் சொல்லி அவன்கிட்ட கேக்காதீங்க. டிக்கெட் குடுன்னு நானும் அப்படித்தான் கேட்டுப் பார்த்தேன், அவன் குடுக்கல. வாயைத் திறக்கத் தைரியம் குடுன்னு கேளுங்க. உடனே குடுப்பான். நம்மளை நம்பி யாரோ ஜெட்டிக்குக் கிளம்பிக்கிட்டு இருக்காங்க.